குழந்தைகளுக்கு வரும் வலிப்பு

 

ஜுரத்தில் கிடக்கும் குழந்தைக்குத் திடீரெனக் கண்கள் மேலே செருகி, பல் கிட்டி, கைகால்கள் வெட்டி இழுக்கும்பொழுது வீடே நடுங்கிப்போகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைக்கிறார். மற்றொருவர் வாயைத் திறந்து தண்ணீர் வார்க்கிறார். இவையெல்லாம் அன்பினால் செய்யும் காரியங்களே. ஆயினும் இரும்பினால் யாதொரு பயனும் இல்லை. தண்ணீரோ மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். ஆதலால் வலிப்பு இன்னதென்று ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

காரணங்கள்

மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்சாரத்தைக் கொண்டு வேலை செய்கின்றன. அவற்றுள் பல ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் கிளர்ச்சியுறுவதே வலிப்பாகும். இது பேயின் சேஷ்டை அன்று, தொற்றிக்கொள்வதும் அன்று.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையில் அதிகமாகக் காண்பது ஜுர வலிப்பு. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரலாம். சில நிமிஷங்களில் தானே நின்றுவிடும். பெரும்பாலும் மூளைக்குத் தீங்கு செய்யாது. மூவரில் ஒருவருக்கு மறுபடியும் வரக்கூடும். பிறந்த சில தினங்களில் வருவதோ வேறு. பிரசவத்தில் மூச்சுத் திணறியதாலும், இரத்தத்தில் சர்க்கரையோ சுண்ணாம்புச் சத்தோ குறைந்ததாலும் அது வரும். அதற்கு உடனே ஆஸ்பத்திரியை நாட வேண்டும்.

நெல் விளையும் சீமைக்கு உரிய அபாயம் ஒன்று உண்டு. வயலில் நிற்கும் நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசுக்கள், பன்றியிடமிருந்தும் கொக்கு முதலிய பறவைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் குழந்தைகளுக்குக் கொண்டுவருகின்றன. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955-ம் ஆண்டில் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. 2006-ம் ஆண்டு முதல் நோய் கண்ட மாவட்டங்களில் அரசாங்கம் தடுப்பூசி போட்டு வருகிறது. ஜுரத்துடன் வலிப்பும், ஓயாத வாந்தியும், கழுத்து விறைப்பும், மயக்கமும் சேர்ந்தால் அதை வெறும் ஜுர வலிப்பென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது.

மற்றொரு காரணம் நாடாப்புழு. வலிப்புற்றவர்களின் மூளைப் படத்தில் தோன்றும் சிறு புள்ளியைக் க்ஷயரோகக் கட்டி என்றே வைத்தியர்கள் ஒரு காலத்தில் கருதினர். அவற்றில் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம் பருவமே என்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 1989-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். பன்றி மாமிசத்தைத் தொடாத வீட்டிலும் இது வரும். ஏனெனில் புழு உள்ள மனிதரின் மலத்திலுள்ள முட்டைகள், கழுவாத கைகளாலும் பச்சைக் காய்கறிகளாலும் வயிற்றை அடைகின்றன. கக்கூஸும் சோப்பும் வலிப்புக்கும் மருந்தாவது இவ்வாறே.

வகைகள்

உடல் முழுதும் வெட்டி இழுப்பது ஒரு வகை. ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ மட்டும் துடிப்பது இன்னொரு வகை. சில வினாடிகள் வெறித்து நோக்கிப் பின் தெளிவதும் வலிப்பே. உபாத்தியாயர் இதைக் கவனமின்மை என்று கருதித் தண்டித்தல் தகாது. கைக்குழந்தை தூங்கி விழித்ததும் தலை குனிந்து, கைகளை விரித்து, அடுத்தடுத்துச் சுருண்டு மடங்குவதை வயிற்றுவலி என்று விட்டுவிடுவர். நாள் கடந்தால் அறிவு வளர்ச்சியே கெடும். அன்றே வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இறுகிய உடைகளைத் தளர்த்துக.

2. வாயில் கரண்டியோ, துணியோ, நீரோ, மருந்தோ இடற்க. கைகால்களை அமுக்கிப் பிடியற்க. சூடு போடற்க.

3. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்க. ஐந்து நிமிஷம் கடந்தாலும், தெளியுமுன் மீண்டும் வந்தாலும் 108-ஐக் கூப்பிடுக. முதல் முறை வந்த வலிப்பாயின், அது நின்றுவிட்ட போதிலும் அன்றே வைத்தியரிடம் செல்க.

பாரசிட்டமால் ஜுரத்தின் உபாதையைத் தணிக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. நீடிக்கும் வலிப்பை நிறுத்த மூக்கில் செலுத்தும் மிடசோலம் என்னும் மருந்தை வைத்தியர் எழுதிக்கொடுத்தால், அதை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கலாம்.

ஜுரமின்றி அடிக்கடி வரும் காக்கை வலிப்புக்கு நாள்தோறும் மாத்திரை வேண்டும். தக்க மருந்தினால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ இயலும். பொதுவாக இரண்டு வருஷம் வலிப்பு வராதிருந்த பின்னரே, வைத்தியர் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். தாமாக நிறுத்தினால் முன்னினும் கடுமையான வலிப்பு வரலாம். அக்குழந்தையை ஆற்றிலும், வாய்க்காலிலும், குளத்திலும் தனியே குளிக்க விடலாகாது. முழங்காலளவு நீரும் போதும் உயிரைப் பறிக்க.

பெண்ணாயின் பிற்காலத்தில் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி நோயை மறைப்போர் உளர். மறைத்த நோய் மருந்தின்றி வளரும். வெளியே சொல்லிச் சிகிச்சை பெற்ற பெண்ணோ பள்ளிக்கூடம் சென்று, கல்வி கற்று, மற்றவர்களைப் போலவே வாழ்வாள். ஆதலால் அண்டை வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாமல், கடிகாரத்தை நோக்குங்கள். குழந்தையை ஒருக்களித்து விடுங்கள். பெற்றோருக்குத் தைரியம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.