வண்டியேறி வரும் வெள்ளை ஈ

விடியுமுன் தோவாளைச் சந்தைக்கு வரும் பூ, மதியத்துக்குள் திருவனந்தபுரத்தில் மாலையாகிவிடுகிறது. நம் விளைபொருள் இவ்வளவு வேகமாகப் பயணம் போவது நமக்குப் பெருமைதான். ஆனால் அதே வண்டியில், டிக்கெட் எடுக்காமல் சிலவும் பயணம் செய்கின்றன. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தென்னை ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெள்ளைப் பூச்சு இருக்கிறதா? அது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவில் பெலிஸ் என்னும் நாட்டில் கண்டெடுத்து, 2004-ல் அதற்குப் பெயரிட்டார்கள். 2009-ல் அமெரிக்காவின் புளோரிடா. 2016-ல் நம் பொள்ளாச்சி. ஓரிரண்டு ஆண்டுகளில் தென்மாநிலங்கள் எங்கும் பரவியது.

பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "சாரே, இது அரை அரிசி அளவுதானே இருக்கு! கடலைத் தாண்டி எப்படி வந்துது?" நல்ல கேள்வி. அது தானாகப் பறப்பது கொஞ்ச தூரம்தான். மீதி தூரமெல்லாம் நாம் கொண்டுபோய் விட்டது. தென்னம்பிள்ளை, அழகுச்செடி, வாழையிலைக் கட்டு, இவைதான் அதற்கு வண்டி.

வந்த புதிதில் நானும் மருந்தடிக்கச் சொன்னவன்தான். அது தப்பு என்று பிறகு புரிந்தது. இந்த ஈயோடு அதன் எமனும் கூடவே வந்திருக்கிறது. என்கார்சியா என்கிற குட்டிக் குளவி, ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழித்துவிடும். நாம் மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். பிறகு ஈ இன்னும் பெருகும்.

அதனால் செய்ய வேண்டியது என்ன?

ஏக்கருக்கு 8 மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஆமணக்கெண்ணெய் தடவுங்கள். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணம் படிந்திருந்தால், லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளியுங்கள். காய்ந்ததும் உரிந்து விழும். குளவி தாக்கிக் கறுத்த கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை, குளவி இல்லாத மரங்களில் குத்தி வையுங்கள்.

முக்கியமாக, கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். அரை நிமிஷ வேலைதான். பிள்ளை வாங்குகிற கையால், பக்கத்து விளைக்காரருக்கும் சேர்த்துப் பூச்சி வாங்கி வரவேண்டாமே!