பிளந்த தாடைக்கு என்பொட்டு
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிளந்த உதட்டுடன் பிள்ளை பிறந்தால், கிரகண வேளையிலே தாய் வெளியே வந்தாள் என்று பழி சொல்வார்கள். அது உண்மையன்று. கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒன்றுசேர வேண்டிய முகப் பகுதிகள் சேராமற் போனதே அந்தப் பிளவு. ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வாறு நேர்கிறது. தாயைக் குற்றஞ் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

உதட்டை மூன்றாம் மாதமளவிலும், அண்ணத்தை ஒரு வயதையொட்டியும் தைப்பார்கள். இதனோடு காரியம் முடிந்ததென்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். மேற்றாடை முரசிலோ இடைவெளி அப்படியே கிடக்கும். என்பில்லாத இடத்திற் பல் இறங்காது. மூக்கின் அடிப்பாகம் தாழும். சிலருக்குக் குடித்த நீர் மூக்கால் வரும்.

1950களில் ஐரோப்பிய வைத்தியர் சிலர் கைக்குழந்தைக்கே என்பை ஒட்டினர். எண்ணம் நல்லதுதான். ஆனால் பிள்ளை வளர வளர மேற்றாடை பின்தங்கியது. ஆகவே பெரும்பாலான நிலையங்கள் அதைக் கைவிட்டன. 1972இல் அமெரிக்காவிலே பொயின், சாண்ட்ஸ் என்போர் வேறு வழி காட்டினர். வேட்டைப்பல் முளைக்குமுன், 9 முதல் 11 வயதளவில், இடுப்பென்பின் உள்ளிருக்கும் பஞ்சுபோன்ற என்பை எடுத்து இடைவெளியை நிரப்புவது. அதற்குள் இரத்தக் குழாய்கள் விரைவிற் புகும். பின்னர் பல் அதனூடே இறங்கி, ஒட்டிய என்பைக் கரையாது காக்கும்.

என்பை எங்கே எடுப்பது? இடுப்பிலே தாராளமாகக் கிடைக்கும். சில நாள் நடக்க நோவும். மண்டையோட்டில் எடுத்தால் வடு மயிருக்குள் மறையும், பஞ்சென்பு குறைவு. நாடியில் எடுத்தால் வெளியே காயமில்லை. கிடைப்பதோ சொற்பம், பல்வேருக்கும் ஆபத்துண்டு. என்பை வளர்க்கும் புரதமருந்தும் இப்போது உண்டு; வீக்கமும் செலவும் அதிகம். என் மதிப்பில் இடுப்பென்பே இன்னும் முதலிடம் பெறும்.

நமது நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. 1984இல் மைக்கேல் மார்ஸ் என்னும் ஆங்கில நிபுணர் காலிப் பகுதியில் ஆராய்ச்சி தொடங்கினார். சிகிச்சையே பெறாது வளர்ந்த பெரியவர்களின் மேற்றாடை நன்றாக வளர்ந்திருக்கக் கண்டார். வளர்ச்சியைத் தடுப்பது பிளவு மட்டுமன்று, கத்தியின் தழும்புமே என்பது தெளிவாயிற்று. அத்தனை பேர் சிகிச்சையின்றி இருந்தது நமக்குப் பெருமையல்ல. உலகத்துப் பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது.

உங்கள் அயலில் உதடு தைத்த பிள்ளை இருந்தால், ஏழெட்டு வயதிலே பல் வைத்தியரிடம் காட்டிப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வேட்டைப்பல் முளைத்த பின்னரும் ஒட்டலாம், பலன் குறைவு.