பரிசுப் பட்டியலும் வரவு இடாப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே கீரிமலைக் கேணி அமைந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அலையெறியும் உவர்க்கடல். கல்லணையொன்றைக் கடந்தால் மறுபக்கத்தில் நன்னீர். உப்பின் அருகே இந்த நன்னீர் எங்கிருந்து வருகிறதென்று புதிதாக வந்தவர்கள் வியப்பதுண்டு. விடை மிக எளிது. மாரிக்காலத்திலே வலிகாமத்தின் தோட்டங்களிலும் வளவுகளிலும் பெய்த மழைநீர், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, நிலத்தடியில் நெடுந்தூரம் ஓடிக் கடலோரத்திலே ஊற்றாக வெளிப்படுகிறது. நீராடுவோர் கேணியைக் காண்பர். மழையை ஏற்றுக்கொண்ட தோட்டத்தைக் காணார்.

ஓர் உயர்தரப் பாடசாலையின் ஆண்டுச் சாதனைகளும் இத்தகையனவே. பரிசளிப்பு விழாவன்று அதிபர் தமது அறிக்கையை வாசிக்கிறார். க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியெய்தியோர் இத்தனை பேர், உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதி பெற்றோர் இத்தனை பேர், மாகாணத்தில் முதலிடம் பெற்றவர் இன்னார், தேசிய மட்டம் வரை சென்றவர் இன்னார் என்று பட்டியல் நீளுகிறது. சபையோர் கைதட்டுகின்றனர். அது வேண்டியதுதான். ஆயினும் அந்த ஊற்றுக்கு நீர் எங்கே விழுந்தது என்பதை அறிய விரும்புவோர் வேறொரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதுவே நாள்தோறும் காலையில் ஆசிரியர் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பு.

கீரிமலையின் சுற்றாடல் கல்விக்குப் பெயர்பெற்றது. ஊரிலே நகுலேஸ்வர மகா வித்தியாலயம் உண்டு. கிழக்கே காங்கேசன்துறையில் நடேஸ்வராக் கல்லூரி உண்டு. தெற்கே தெல்லிப்பழையில் இரு பெரும் பள்ளிகள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய யூனியன் கல்லூரியின் வரலாறு, 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய பள்ளியோடு ஆரம்பமாகிறது. மற்றையதாகிய மகாஜனக் கல்லூரியைப் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாள் தொடங்கினார். மகாஜனம் என்ற பெயரே ஒரு கொள்கை. பொதுமக்களின் பிள்ளைகள் தம் சமயத்தையும் மொழியையும் விட்டுவிடாமல் உயர்கல்வி பெறவேண்டும் என்பதே அதன் பொருள். பின்னர் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி இலங்கை முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகளும் ஒரே வாங்கில் அமரும் வாய்ப்பு விரிந்தது.

இவ்வாறான ஒரு பள்ளியின் ஆண்டு எவ்வாறு நகர்கிறது? இலங்கையிலே பள்ளியாண்டு வழக்கமாகத் தைமாதத்தை ஒட்டித் தொடங்கும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று பள்ளிகளை மூடிய பின்னர்ச் சில ஆண்டுகள் இந்தக் கால அட்டவணை பிசகியது. எனினும் மூன்று தவணை என்ற ஒழுங்கு மாறவில்லை. முதலாந் தவணையின் பெருவிழா இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிள்ளைகள் பல இல்லங்களாகப் பிரிந்து, கிடுகும் தென்னோலையும் கடதாசிப் பூவுங்கொண்டு தத்தம் இல்லங்களை அலங்கரிக்கிறார்கள். அணிநடை நடக்கிறது, அஞ்சலோட்டம் நடக்கிறது, இறுதியில் பழைய மாணவரும் பெற்றோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறிழுக்க வருகின்றனர். அன்றைக்கு ஊரும் பள்ளியும் வேறல்ல.

இரண்டாந் தவணையிலே தமிழ்மொழித் தினப் போட்டிகளின் ஆரவாரம். பேச்சு, பாவோதல், கட்டுரை, இசை, நடனம், நாடகம் என்று பள்ளியிலே தொடங்கும் போட்டி, கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறி, அகில இலங்கை மட்டத்திலே நிறைவுறுகிறது. கீரிமலைப் பகுதிப் பிள்ளை ஒருவர் தெல்லிப்பழைக் கோட்டத்தையும் வலிகாமம் வலயத்தையும் கடந்தே வடமாகாண மேடையை அடைய வேண்டும். மேடையிலே ஐந்து நிமிடம் பேசும் சிறுமிக்குப் பின்னால், பாடசாலை விட்ட பின்பும் வகுப்பறையில் அமர்ந்து உச்சரிப்பைத் திருத்திய ஓர் ஆசிரியை இருக்கிறார். அறிக்கையிலே சிறுமியின் பெயர் வரும்; ஆசிரியையின் மாலைப்பொழுதுகள் வருவதில்லை.

இத்தகைய உழைப்பின் பயன் உடனே தெரிவதன்று. மகாஜனக் கல்லூரியில் ஒருகாலத்திலே படித்த மூன்று இளைஞர்களை ஈழத்து இலக்கிய உலகம் நன்கறியும். அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி, மகாகவி என்னும் புனைபெயர் கொண்ட து. உருத்திரமூர்த்தி ஆகிய மூவருமே அவர்கள். அவர்கள் ஈழத்தின் சிறுகதைக்கும் விமரிசனத்துக்கும் கவிதைக்கும் புதிய நடை தந்தவர்களாகப் பின்னாளில் போற்றப்பட்டனர். பள்ளியிலே அவர்கள் கட்டுரை எழுதிய ஆண்டில், இந்தப் புகழை எந்த அறிக்கையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

விளையாட்டிலும் அப்படியே. உதைபந்தாட்டத்தில் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற அதே கல்லூரியிலே, அண்மைக் காலத்தில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி தேசிய மட்டத்தில் வெற்றி பெற்று வியப்பூட்டியது. அங்கு பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை நிலைநாட்டி, 2016ஐ அடுத்த ஆண்டுகளில் அதனைத் தாமே மீண்டும் முறியடித்தார். பெண்பிள்ளை கோலை ஊன்றி வானத்தில் எழுவதைப் பார்ப்பதற்கு ஊரவர் மதிலோரத்தில் கூடி நிற்பது, ஒரு தலைமுறைக்கு முன்னர் இப்பகுதியில் எண்ணிப் பார்க்கவும் அரிய காட்சி.

பள்ளியின் ஆண்டு அதன் மதிலுக்குள் முடிந்துவிடுவதில்லை. ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குப் பிதிர்க்கடன் தீர்க்கக் குடாநாட்டின் நாலாபுறமுமிருந்தும் மக்கள் திரளுகின்றனர். அத்தகைய நாட்களிலே தண்ணீர் வார்க்கவும், முதியோரைக் கைபிடித்துப் படியிறக்கவும், முதலுதவி செய்யவும் சாரணச் சீருடையணிந்த பிள்ளைகளை விட வேறு யார் பொருத்தமானவர்? புரட்டாதி, ஐப்பசியில் வாணி விழா வரும். ஏடு தொடக்கும் குழந்தையும் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞனும் ஒரே கலைமகள் படத்தின்முன் நிற்பார்கள். மாரி தொடங்குமுன் சிரமதானம் நடக்கும். பெற்றோரையும் ஆசிரியரையும் கொண்ட பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூரையையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் பற்றி விவாதிக்கும். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்களுக்குக் கடிதங்கள் போகும். அங்கிருந்து உதவி வரும்.

இவையெல்லாம் எந்த ஊரிலும் நடப்பவைதாமே என்று நேயர்கள் கருதலாம். கீரிமலைச் சூழலில் இவை நடக்கின்றன என்பதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போரினால், கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி முதலிய வலிகாமம் வடக்கின் ஊர்கள் சில நாட்களுக்குள் வெறுமையாயின. 1950இல் தொடங்கிப் பல குடும்பங்களுக்குச் சோறிட்ட சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. புகையிரதம் நின்றது. அவ்வாண்டிலே பழம்பெரும் நகுலேஸ்வரம் கோயிலும் குண்டுவீச்சினாற் சிதைந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று.

ஊர் போனபின் பள்ளி என்னவாகும்? கட்டடந்தான் பள்ளியென்றால் அன்றே அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இப்பகுதியின் பள்ளிகள் மல்லாகம், சுன்னாகம், உடுவில் முதலிய பக்கங்களை நோக்கிப் பெயர்ந்த மக்களோடு தாமும் பெயர்ந்தன. இடம்பெயர்ந்த பள்ளிகள் காலையில் வேறொரு பள்ளி நடந்த அதே வாங்குகளிலே மாலையில் தம் பிள்ளைகளை இருத்திப் பாடம் நடத்தின. கொட்டில்களிலும் மரநிழல்களிலும் நடத்தின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, அவை இரண்டாம் முறையும் இடம்பெயர்ந்தன.

அத்தகைய காலத்திலே இடாப்பின் பெருமை தெரியவந்தது. மேசையும் கதிரையும் போனால் பின்பு வாங்கலாம். சேர்வு இடாப்பு போனால் ஒரு பிள்ளை இன்ன ஆண்டில், இன்ன வகுப்பில், இன்னாருடைய பிள்ளையாகச் சேர்ந்தது என்பதற்குச் சான்று போய்விடும். விடுகைப் பத்திரம் கொடுக்க முடியாது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கவும் இடர் நேரும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் காணி உறுதியையும் ஓட்டத்திலே தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் இன்ன ஊரார் என்பதற்குப் பள்ளியின் பழைய இடாப்பிலே எழுதப்பட்ட ஒற்றை வரி சாட்சியாய் நின்றது. முகாமிலே பிறந்து, கேணியைக் கண்ணாற் காணாத குழந்தையும், தன் பள்ளியின் பெயரைச் சொல்லும்போது தன் ஊரின் பெயரையும் சொல்லப் பழகியது.

2009இல் போர் முடிந்தது. நிலம் துண்டு துண்டாகவே மீண்டது. 2012இல் நகுலேஸ்வரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. 2015 தைமாதத்தில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரியின் பழைய வளவு மக்களிடம் கையளிக்கப்பட்டது. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் பற்றையாய்க் கிடந்த காணியிலே எல்லைக் கல்லும் கிணறும் தேடிய குடும்பங்களின் முன்னே ஒரு கேள்வி நின்றது: இங்கே வந்து குடியிருந்தால் பிள்ளை எங்கே படிக்கும்? அருகிலே நல்ல பள்ளி நடந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால்தான் பள்ளி நடக்கும். ஒன்று மற்றதை எதிர்பார்த்து நிற்கும் இந்த நிலையில், யாராவது முதலில் நம்பிக்கை வைக்க வேண்டும். வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளே இருந்தாலும் மணியடித்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியரே அந்த முதல் நம்பிக்கையை வைத்தவர்.

இங்கேதான் பரிசுப் பட்டியலுக்கும் வரவு இடாப்புக்கும் இடையே ஒரு வழக்கு எழுகிறது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலே உயர்ந்த புள்ளி பெறும் பிள்ளை பெரிய பள்ளிக்குச் செல்லத் தகுதி பெறுகிறது. பெற்றோரும் அனுப்பவே விரும்புகின்றனர். ஊர்ப் பள்ளி அந்தப் பிள்ளைக்கு அகரத்தைக் கற்பித்தது. ஐந்து ஆண்டுகள் பேணியது. எட்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவாகும்போது பெயர் வேறொரு பள்ளியின் அறிக்கையில் அச்சாகிறது. தன் சிறந்த மாணாக்கரை வழியனுப்புவதே ஊர்ப் பள்ளியின் வெற்றியாகவும் இழப்பாகவும் அமைந்துவிடுகிறது. பிறகு பட்டியலைப் பார்த்தவர்கள், “அந்தப் பள்ளியிலே என்ன சாதனை இருக்கிறது?” என்று கேட்கிறார்கள், கேட்டுவிட்டுத் தம் பிள்ளையையும் வேறிடத்தில் சேர்க்கிறார்கள். அவ்வாறு ஒவ்வொரு பெயராக இடாப்பு மெலிகிறது. போர் ஒரே நாளில் செய்ததை, இவ்வழக்கம் ஓசையின்றிப் பல ஆண்டுகளிற் செய்து முடித்துவிடக்கூடும்.

பெற்றோரைக் குறைகூறுவதும் முறையன்று. தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது தாயின் இயல்பு. பெரிய பள்ளியிலே ஆய்வுகூடம் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் உண்டு. உதைபந்தாட மைதானம் உண்டு. சாதனை வேண்டாம், வரவு மட்டும் போதும் என்று எவரும் சொல்லார். தரமில்லாத பள்ளியை ஊர்ப்பற்றின் பெயரால் மட்டும் தாங்கி நிற்பது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளலாகாது. அளக்கும் கோலைத்தான் சற்றே மாற்றிப் பிடிக்க வேண்டும்.

ஓர் ஆண்டின் முடிவிலே பள்ளியின் அறிக்கை இன்னும் சில வினாக்களுக்கும் விடை சொல்லுமாக. தைமாதத்திலே இடாப்பில் இருந்த பிள்ளைகளுள் மார்கழியிலும் இருப்பவர் எத்தனை பேர்? வறுமையினால் இடைவிலக இருந்து, ஆசிரியர் வீடு தேடிச் சென்றமையால் திரும்பி வந்தவர் எத்தனை பேர்? எழுத்துக்கூட்ட இடர்ப்பட்டு, இவ்வாண்டு ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்தவர் எத்தனை பேர்? மீண்டும் ஊருக்குக் குடிவந்து, பிள்ளையை இங்கேயே சேர்த்த குடும்பங்கள் எத்தனை? இப்பள்ளியில் ஐந்தாந் தரம் வரை படித்து வேறு பள்ளியிலே வென்றவர் யார்? பெரிய பள்ளிகளும் தம் பரிசு நாளிலே, வென்ற பிள்ளையின் பெயரோடு அதற்கு அகரம் கற்பித்த சிறுபள்ளியின் பெயரையும் வாசித்தால் அவற்றின் புகழ் குன்றாது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆயுள் கூடும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் இதனைச் சிந்திக்கலாம். வாயில் வளைவும் பெயர்ப்பலகையும் வேண்டியனவே. அவற்றோடு, தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு துவிச்சக்கரவண்டியும், காலை உணவும், ஒழிந்திருக்கும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரின் படியும் கிடைக்குமாயின், இடாப்பிலே ஒரு பெயர் அழியாமல் நிற்கும்.

கீரிமலைக் கேணியின் நீர் கடலோரத்திலே தோன்றுகிறது. அதைக் காப்பது உள்ளூர்த் தோட்டத்திலே மழையை ஏற்கும் மண். மண் இறுகினால் ஊற்று வற்றும்; உவர்நீர் ஏறும். நாளைக் காலை அவ்வூர்ப் பள்ளியிலே மணி அடிக்கும். ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். “வந்தேன்” என்று ஒவ்வொரு குரலாக எழும். அந்த விடைகளின் தொகையே அவ்வூரின் அவ்வாண்டுச் சாதனைகளுள் முதலாவதாக எழுதத் தக்கது.