புதிய மருத்துவரிடம் முதல் நாள்

மத்திய அரசுப் பணியில் இருப்போருக்கு ஊர் மாற்றம் புதிதன்று. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தையும் மறவாமல் மாற்றிக்கொள்ளும் நாம், ஒன்றை மட்டும் பழைய ஊரிலேயே விட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்திருந்தால், அந்நோயின் வரலாறே அது.

எலும்பு முறிந்தவருக்காக எக்ஸ்ரே படம் பேசும். மனத்தளர்ச்சியைக் காட்டும் படம் இல்லை. நோயாளி சொல்வதும், உடனிருப்பவர் சொல்வதும், தாம் நேரில் காண்பதுமே மனநல மருத்துவருக்கு முதன்மையான சான்றுகள். ஆதலின், முதற் சந்திப்பில் நாம் எதைச் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் தொடக்கம் அமைகிறது.

இதை நாம் பிழை செய்தே கற்றோம். சென்னையிலிருந்து டில்லிக்கு மாற்றலாகி வந்த சில மாதங்களில், ஈராண்டுகளாக மருந்துண்டு நலமாக இருந்த எம் மனைவி உறக்கத்தை இழந்தார். புதிய மருத்துவர் இந்தியில் வினவினார். மனைவிக்கு இந்தி வராது. தெரிந்த சிறிதளவு ஆங்கிலமும் அன்று நாவில் எழவில்லை. மொழிபெயர்ப்பே எமது தொழிலாதலின் நாமே இடையில் அமர்ந்தோம். “விடியற்காலையில் முழிப்பு வந்துவிடுகிறது. எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது” என்றார் அவர். ‘உறக்கமில்லை, கவலை’ என்று நாம் சுருக்கினோம். பழைய மருந்து யாது என்று கேட்டபோது, ‘இரவில் ஒரு வெள்ளை மாத்திரை’ என்றோம். உறக்கத்திற்கு மருந்து எழுதப்பட்டது.

வீடு திரும்பும் வழியில் மனைவி, “நான் சொன்னதை நீங்கள் சொல்லவில்லையே” என்றார். கோப்பில் ஒரு சொல் விடுபட்டாலும் திருத்தம் எழுதும் நாம், மருத்துவர் தவறாது அறிய வேண்டிய வாக்கியத்தையே விழுங்கிவிட்டோம். அவர் சொன்னதைக் கேட்கவே நமக்கு அச்சமாக இருந்தது என்பதே உண்மை.

மறுமுறை செல்லுமுன் அவரே ஒரு தாளில் எழுதினார். அதன் கீழ், கூட்டாமலும் குறைக்காமலும் ஆங்கிலத்தில் பெயர்த்தோம். நோயின் பெயர் அத்தாளில் இல்லை. நிகழ்ந்தவை மட்டும் இருந்தன. எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிப்பு, உணவு எவ்வளவு, எந்த வேலை நின்றுபோயிற்று என்பவை அவை. வாழ்வே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்ற வினாவுக்கும் விடை இருந்தது.

மருந்துகளுக்குத் தனித் தாள் வேண்டும். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், அட்டையில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்து எழுதுதல் நலம். எத்தனை நாள் உண்டோம், என்ன பயன், என்ன தொல்லை என்பதையும் குறிக்க வேண்டும். மனத்தளர்ச்சி மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தே நாளில் நிறுத்திய மருந்தைப் ‘பயனற்றது’ என்று சொல்வது மருத்துவரை வழிதவறச் செய்யும். பிற நோய்களுக்கான மருந்துகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள், மதுப்பழக்கம் ஆகிய எதையும் மறைத்தலாகாது. தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் தோன்றக்கூடும்; ஆதலால் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களும் உடன் வரட்டும். புதிய மருத்துவரைக் காணும்வரை மாத்திரை தீர்ந்துபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் முதலிய தொல்லைகள் வரலாம், நோயும் திரும்பலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தம் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர் கூறியவற்றை மருத்துவர் வெளியிடலாகாது என்றும் அது விதிக்கிறது. சந்திப்புக்கு நாள் இருக்கையிலேயே துயர் மிகுமானால், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் நாளை எண்ணிக் காத்திராமல் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

உடன் செல்வோருக்கும் ஒரு கடமை உண்டு. நாம் கண்டதைச் சொல்லலாம். நோயாளி உணர்ந்ததை அவரே சொல்லட்டும். இரண்டாம் முறை மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, எம்மைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். அரை மணி நேரம் நடைகூடத்துப் பலகையில் அமர்ந்திருந்தோம். உள்ளே மனைவி தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. அன்று மருந்து மாற்றி எழுதப்பட்டது. வெளியே வந்தவர், “எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்” என்றார்.