காற்பங்கு ஆசிரியர்

(பள்ளுருத்தியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்தின் வழியே இறையியலும் திருப்பணியும் கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியப் பணியைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணி எவரும் செவியை மூடிக்கொள்ள வேண்டா. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து கொச்சியில் வாழும் நம்மனைவர்க்கும், இருக்கும் இடத்திலேயே கல்வி கிடைக்குமா என்னும் கேள்வி பொதுவானதேயாகும்.

பகலெல்லாம் வேறு தொழில் பார்த்து, வாரத்தில் இரண்டு மாலைகள் நம் வீட்டு மேசையில் கணிப்பொறியைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் வகுப்பு நடத்துகிறோம். மாணவர் பதினால்வர். குமரிக் கடற்கரையில் மீன்பிடிக்கும் இளைஞர் ஒருவர். மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் ஒருவர். வளைகுடா நாட்டில் வண்டி ஓட்டுபவர் ஒருவர். மூணாற்றின் மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் உபதேசியாராக ஊழியம் செய்பவர் ஒருவர். இவர்களுள் எவரும் தொழிலையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு நான்கைந்து ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கக்கூடியவர் அல்லர். திரை ஒன்று இல்லையாயின் இவர்களுக்கு வகுப்பே இல்லை.

நேரில் காணாத ஆசிரியர் கற்பிப்பது இன்று தோன்றிய புதுமை என்று கூறுவார் உளர். அது பொருந்தாது. நம் பள்ளுருத்திக்கு வடக்கே, நாள்தோறும் நாம் சென்று வரும் கொச்சியிலேதான், 1579-ஆம் ஆண்டில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இரண்டையும் தமிழில் ஆக்கியவர் அன்றீக்கு அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றீக்கசு. போர்ச்சுகலில் பிறந்து, முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, அம்மக்களிடையே நெடுங்காலம் உழைத்து, 1600-இல் மறைந்தவர் அவர். கொச்சியில் அச்சான அந்நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. ஆசிரியர் நேரில் செல்ல இயலாத கடற்கரையூர்களுக்கு அவருடைய பாடம் தாளில் சென்றது. நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னரே தொலைவிலுள்ள தமிழருக்குக் கொச்சியிலிருந்து பாடம் சென்றிருக்கிறது. இன்று நம் மேசையிலிருந்தும் செல்கிறது. கருவி மாறியிருக்கிறது, தேவை மாறவில்லை.

பின்னர் மாணவரை ஒரே இடத்தில் கூட்டிக் கற்பிக்கும் முறை வேரூன்றியது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1716-இல் அங்கே ஊழியருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1818-இல் வங்காளத்துச் செராம்பூரில் கேரியும் அவர்தம் தோழரும் கல்லூரி கண்டனர். 1827-இல் தென்மார்க்கு மன்னரின் பட்டயத்தால் பட்டம் வழங்கும் உரிமையும் அதற்குக் கிடைத்தது. இத்தகைய கல்லூரிகளால் விளைந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஊரிலேயே வேரோடிப்போன உழைப்பாளிக்கு அவற்றின் வாயில் எட்டாததாகவே இருந்தது.

இக்குறையை நீக்க 1963-இல் மத்திய அமெரிக்காவின் குவாதமாலா நாட்டில் ஒரு புதுமுறை தோன்றிற்று. மாணவன் கல்லூரிக்குச் செல்வதற்கு மாறாகக் கல்லூரி மாணவனிடம் சென்றது. அவன் வீட்டிலிருந்தே பாடம் படிப்பான். தன் சபையிலேயே ஊழியம் செய்வான். குறித்த நாளில் அண்மையிலுள்ள மாணவரோடும் ஆசிரியரோடும் கூடி உரையாடுவான். 1971-இல் பெங்களூரில் இதற்கென ஒரு சங்கம் அமைந்து, இம்முறை நம் நாட்டிலும் பரவியது. ஆக, 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்து கல்லூரிகள் அடைபட்டபோது, தொலைவிலிருந்து கற்பிக்கும் எண்ணம் நமக்குப் புதிதாயிருக்கவில்லை. திரைதான் புதிதாயிருந்தது.

இங்கே நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திரை வந்ததும், அந்தப் பழைய முறையின் மூன்று பகுதிகளில் ஒன்றை மட்டுமே நாம் எடுத்துக்கொண்டோம். பாடத்தை நன்றாகச் சொல்லிவிட்டால் கற்பித்தல் முடிந்தது என்று எண்ணினோம். அது முடியவில்லை என்பதை நமக்கு உணர்த்தியவர் மூணாற்று உபதேசியார்.

அவர் வகுப்பில் முகம் காட்டுவதில்லை. வினாவினால் விடை வருவதில்லை. பதினால்வரில் மிகவும் கவனமற்றவர் இவரே என்று நாம் மனத்திற்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தோம். அப்பருவத்தில் யோபுவின் நூலை மூன்று வாரம் நடத்தினோம். நல்லவர் ஏன் துன்புறுகிறார் என்பது பற்றிப் பல அறிஞர் கருத்துகளைத் தொகுத்துக் கூறியதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. மூன்றாம் வாரம் முடிந்த இரவு, பத்து மணிக்குமேல், அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“ஐயா, எங்கள் லயத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இறந்துவிட்டது. காலையில் அடக்கம். போதகர் வர முடியாத நிலை. அந்தத் தாயிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?”

நாம் நம் குறிப்பேட்டைப் புரட்டினோம். மூன்று வாரக் குறிப்புகளில் அந்தத் தாயின் முன் எடுத்துச் சொல்லத்தக்க வரி ஒன்றுகூட இல்லை. இறுதியில், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்ததை நினைவூட்டி, “ஒன்றும் சொல்ல வேண்டா, சென்று அருகில் அமருங்கள்” என்று மட்டும் கூறினோம். “தனியே போக அச்சமாக இருக்கிறது, ஐயா” என்றார் அவர். பள்ளுருத்தியில் அமர்ந்திருந்த நாம் அதற்கு என்ன செய்ய இயலும்?

அடுத்த வகுப்பில் அவரே நடந்ததைச் சொன்னார். அதே தோட்டத்தில் ஓய்வு பெற்ற முதிய உபதேசியார் ஒருவர் இருந்தார். நம்மிடம் பேசி முடித்ததும் இவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பெரியவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு உடன் வந்தார். இரவெல்லாம் இருவரும் அவ்வீட்டில் அமர்ந்திருந்தனர். விடியற்காலையில் பெரியவர் இவரை அழைத்து, “குழி வெட்டுகிறவர்களோடு நீயும் போய்க் கைகொடு, செபம் செய்யும்போது அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லு” என்றாராம். அவ்வாறே இவர் செய்தார். இதைக் கேட்ட பதின்மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்ச் செவிலியர், “அந்த அம்மா இப்போது உண்கிறார்களா?” என்று கேட்டார். கடலோர இளைஞர் தம் ஊரில் கடலில் மாண்டோரின் வீடுகளுக்குச் செல்லும் வழக்கத்தைக் கூறினார். நாம் நடத்திய வகுப்புகளுள் மிகச் சிறந்தது, நாம் வாய் திறவாதிருந்த அந்த வகுப்பேயாகும்.

அவர் முகம் காட்டாததன் காரணமும் அன்றுதான் தெரிந்தது. லயத்தில் அலைத்தொடர்பு கிடைப்பதில்லை. மேல் வளைவில், சாலையோரத்தில், பனியில் நின்றபடி அவர் பாடம் கேட்டு வந்திருக்கிறார். படத்தைத் திறந்தால் ஒலி அறுந்துவிடும் என்பதால் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். நாம் கவனமற்றவர் என்று தீர்ப்பிட்டவர், பதினால்வரிலும் மிகுந்த பாடுபட்டுக் கற்றவராக இருந்தார்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர்; பதின்மூன்றாம் நூற்றாண்டினர். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக உட்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும் என்றும், தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் அவர் கணக்கிட்டுரைத்தார். பள்ளிநாளில் இதனை நெட்டுருச் செய்தோம். பொருள் விளங்கியதோ அவ்விரவுக்குப் பின்னரே. அரசாங்கக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் நாம் பகுதிநேர ஆசிரியர். நன்னூலார் கணக்கில் காற்பங்கு ஆசிரியர். முழுநேரமும் கற்பிப்பவருக்கும் பங்கு அவ்வளவே.

அதுமுதல் நம் வகுப்பின் ஒழுங்கை மாற்றிக்கொண்டோம். ஒன்றரை மணி நேரத்தில் முதல் அரைமணி மாணவர் தமக்குள் பேசுவதற்கு உரியது. ஒவ்வொருவரும் தம் ஊரில் முதியவர் ஒருவரைத் துணையாகக் கொள்ள வேண்டும். கதவைத் தட்டினால் எழுந்து வரக்கூடியவராக அவர் இருத்தல் வேண்டும். கேட்ட பாடத்தை அடுத்த வகுப்புக்குள் தம் ஊரில் இருவருக்கேனும் எடுத்துச் சொல்லி, அவர்கள் கேட்ட கேள்வியைக் கொண்டுவர வேண்டும். வளைகுடா அன்பர் தம் அறைத் தோழர்களிடமிருந்து கொண்டுவரும் கேள்விகளுக்கு நம் நூல்களில் விடை தேடுவதே இப்போது நமக்குப் பெரும்பணி ஆகிவிட்டது.

“திரைக்குச் சுவர் இல்லையே, பதினால்வருக்குச் சொல்வதை அறுபதின்மருக்குச் சொன்னால் என்ன? செலவும் குறையுமே” என்று பொறுப்பிலுள்ள ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான், படிக்க விரும்புவோர் பலர், ஆசிரியர் சிலர். ஆயினும் நம் காற்பங்கை அறுபது பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். அவர்கள் ஒருவரோடொருவர் பேசும் நேரத்தை அவ்வாறு பகிர முடியாது. இரவு பத்து மணிக்கு அழைக்கும் அறுபது பேரையும் பெயர் சொல்லி அறிய நம்மால் ஆகாது. எனவே மறுத்துவிட்டோம். அதனால் நமக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்குமா என்பது உறுதியில்லை. ஆயினும் மறுத்தது பிழை என்று இதுவரை தோன்றவில்லை.

அன்பர்களே, முடிவாக ஒரு வேண்டுகோள். நம் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் இன்று கைப்பேசியின் வழியே ஏதேனும் ஒன்றைக் கற்கின்றனர். கணக்கோ, கணிப்பொறியோ, தாய்மொழி எழுத்தோ, எதுவாயினும் திரை தருவது காற்பங்கு. எஞ்சியதை அருகிலிருப்போர்தாம் தர முடியும். சங்கத்தின் கூடம் மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை அதைத் திறந்து, நான்கு விசுப்பலகை போட்டு, பிள்ளைகள் கூடியிருந்து படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லும்படி செய்வோமானால், அவர்கள் பேசுவதைக் கேட்க நம் முதியோர் இருவர் அங்கே அமர்வார்களானால், அதுவே இவ்வாண்டு விழாவின் பயனாகும். நம் வகுப்பில்லாத மாலைகளில் சாவியை வாங்கித் திறந்து வைக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.