ஐந்தறிவும் ஆறறிவும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நீங்கள் என்ன ஐந்தறிவு ஜீவன்களா?" வீட்டிலும் வகுப்பிலும் நாம் எத்தனையோ முறை வாங்கிய ஏச்சு இது. இந்தக் கணக்கு தொல்காப்பிய மரபியலில் உள்ளது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு. நத்தைக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மோப்பத்துடன் மூன்று. நண்டுக்குப் பார்வையுடன் நான்கு. விலங்குக்குச் செவியுடன் ஐந்து. மனிதருக்கு மனத்துடன் ஆறு. மரத்திலிருந்து மனிதர் வரை ஒரே படிவரிசை.

மேலைநாட்டில் 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் விலங்கை ஓர் இயந்திரமாகவே கண்டார். 1871இல் டார்வின், மனிதருக்கும் உயர்விலங்குகளுக்கும் இடையே மனத்தில் உள்ள வேறுபாடு அளவில்தான் என்று எழுதினார்.

தொல்காப்பியத்தில் ஒரு முள்ளும் உண்டு. ஐயறிவின் படியில் விலங்கோடு 'மாக்கள்' என்ற சொல்லும் நிற்கிறது. பகுத்தறியாத மனிதரை அது குறிக்கும் என்பர். யாரை மாக்கள் என்பது? யார் அதைத் தீர்ப்பது? மலையகத்தில் பிறந்த நமக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பெரட்டுக்களத்தில் நம் பாட்டிமார் ஆள்கணக்காக எண்ணப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

அதனால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கென வைக்கும் சுருக்குக்குச் சிறுத்தை எது, நாய் எது என்று தெரியாது.

கொழுந்து எடுக்கப் போனவர் மீது சிறுத்தை பாய்ந்துவிடுமோ என்ற பயம் நம் லயங்களில் உண்டு. மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறினால் அந்த மாத வருமானமும் போய்விடும். அதை நகரத்தில் இருந்துகொண்டு யாரும் பழிக்க வேண்டாம். ஆனாலும், இறுகும் கம்பியின் வலியை உணர ஐந்தறிவே போதும். ஆறாவது அறிவு தேவைப்படுவது சுருக்கு வைப்பவருக்குத்தான்.

ஊருக்குப் போகும்போது, தோட்டத்துப் பிள்ளைகளை ஐந்தறிவு என்று ஏசாமல், அந்தப் படிவரிசையை எழுதிக் காட்டுவோம். சுருக்கைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லும் தைரியத்தையும் கொடுப்போம். நமக்கு எழுத்தைத் தந்த இப்பாடசாலைக்கு அதுவும் ஒரு கைம்மாறு.