பொட்டலமும் போனும்

(ஏற்காட்டில் மாணவர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர் 'இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப் போயிட்டாங்க' என்றார். நான் அங்கேயே தொடங்குகிறேன்.

காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் ஒரு பையன். அப்பா அம்மா ரெண்டு பேரும் விடிஞ்சா வேலைக்குப் போயிடுவாங்க. 2020-ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு 'ஆன்லைன்ல படி' என்றார்கள். அப்போ அவன் அஞ்சாவது. கடன் வாங்கி ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தவனுக்குப் பாடம் வரவில்லை, வீடியோ வந்தது. பள்ளி திறந்தது; போன் கையைவிட்டு இறங்கவில்லை. ராத்திரி ரெண்டு மணிவரை முழிப்பு. காலையில் வகுப்பில் தூக்கம் வராமலிருக்க உதட்டுக்கு அடியில் புகையிலைப் பை.

'அண்ணே, சினிமான்னா வணக்கம் போட்டு எழுப்பி அனுப்பிடுவான். ரீல்ஸ்ல முடிவே வராதுண்ணே' என்றான். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அடுத்த தள்ளலில் நல்லது வரும் என்ற நப்பாசை. மூணு சீட்டுக்காரன் தந்திரம்தான்.

சட்டத்துக்கா பஞ்சம்? 2013-லேயே குட்காவுக்குத் தடை. 2015 சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டுவரை சிறை. 1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்ததே இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். (அதே ராஜாஜிதான் 1953-ல் குலக்கல்வியும் கொண்டுவந்தார். மேலிருந்து வரும் ஒழுக்கப் பாடத்தை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.) 2003-லிருந்து சில்லறைச் சாராயக் கடையை அரசே நடத்துகிறது. பணக்கார வீட்டுப் பையன் பிடிபட்டால் கவுன்சிலிங். நம்ம பையன் பிடிபட்டால் டி.சி. இவனுக்கும் அதுதான் நடந்தது. பொட்டலம் விற்ற கடை மறுநாளும் திறந்திருந்தது.

போனில் வருவது வெறும் ஆட்டம் பாட்டு இல்லை. அரிவாளும் சாதிப் பெருமையும் சேர்ந்தே வருகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த நம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்து ஆதிக்க சாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு ஆணையம் 2024-ல் பள்ளிகளில் சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. ஆனால் கயிறு இப்போது போனுக்குள் போய்விட்டது. அதைப் பார்த்து நம் பசங்களும் கத்தியோடு வீடியோ போடுகிறார்கள். அவன் வீடியோவுக்கு லைக் விழும். இவன் வீடியோவுக்கு வழக்கு விழும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபிக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நாம் எங்கே போகிறோம்? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் சொல்லிக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அவர் படத்துக்குப் பக்கத்தில் குவார்ட்டர் பாட்டிலை வைத்துவிட்டு அந்தப் பையனிடம் நான் எதைப் பேச? நானும் அதில் இருந்தவன்தான்.

'போனை வெச்சுடுடா' என்று அவனிடம் சொன்னேன். 'வெச்சுட்டு எங்கண்ணே போறது?' என்றான். ஏரியும் படகும் டூரிஸ்டுக்கு. தோட்டத்துக்குள் பந்து உருட்ட இடமில்லை. பதில் சொல்ல முடியவில்லை.

லைனில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஒரு கேரம் போர்டு, கொஞ்சம் புத்தகம். டி.சி. வாங்கியவர்களும் தனித்தேர்வு எழுதலாம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பாட்டில் உள்ளே வரக்கூடாது, எனக்கும் சேர்த்துத்தான். ஞாயிறு சாயங்காலம் வரக்கூடியவர்கள் போகும்போது பேர் கொடுத்துவிட்டுப் போங்க.